எந்த பிளேடு வாங்கட்டும்?

என் பிரியமான உங்களுக்கு,

நம் மரம் அறுக்கும் பேண்ட்சா மெஷினுக்கு எந்த பிளேடு வாங்கட்டும் என்று கேட்கத்தான் எழுதுகிறேன். போனில் பேசினால் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கும்.

சாத்தூர் கடைக்காரர், "பழைய கதவுச் சட்டமா அறுக்கீக? ஆணி பட்டாலும் பல்லு போகாத பிளேடு இருக்கு, கொண்டு போங்க" என்றார். பல் இருக்கட்டும், பொறி பறக்காதா என்று கேட்டேன். சிரித்தார்.

நேற்று சட்டத்துக்குள் ஓர் ஆணி இருந்தது எனக்குத் தெரியவில்லை. பிளேடு பட்டதும் பொறி ஜன்னல் வரை தெறித்தது. ஜன்னலுக்கு வெளியே உங்கள் தங்கை வீட்டு முற்றம். ஒரு வாரமாக அங்கே பாய் விரித்து எதையோ காயப் போடுகிறாள். கேட்டால், "அப்பளம்தான் மதினி" என்கிறாள். அப்பளத்துக்கு யாராவது கொலுசு, வளையலைக் கழற்றி வைப்பார்களா? பட்டாசுக் கம்பெனிக்கு வேலைக்குப் போனபோதுதான், உரசிப் பொறி வந்துவிடும் என்று அப்படிச் செய்வாள்.

மெஷினை நிறுத்திவிட்டேன். அடுப்பும் பற்றவைக்கவில்லை.

இன்று சாயங்காலம் நம் மகள் அங்கிருந்து வந்தாள். "அத்தைக்கு அப்பளம் திருப்பிப் போட்டேம்மா" என்று கையை விரித்துக் காட்டினாள். பத்து விரலிலும் வெள்ளி நிறப் பவுடர்.

பிளேடு வேண்டாம். நீங்கள் வாருங்கள்.

உங்கள் மகளின் அம்மா