அரை மணி நேரம்

அக்காவுக்கு,

"தினமும் குளிக்கிறியாடா?" என்று கேட்டிருந்தாய். போர்முனையில் இதெல்லாம் ஒரு கேள்வியா? ஈரத்துணியால் அக்குளைத் துடைத்தால் அதுதான் குளியல். அம்மாவிடம் மட்டும் குளிக்கிறான் என்றே சொல்.

காய்ந்த ஆற்றில் குழி தோண்டி ஒரு கேன் கலங்கல் தண்ணீர் எடுத்தேன். குளோரின் மாத்திரை போட்டு, "அரை மணி நேரம் யாரும் தொடாதீங்க" என்றேன். "அதுவரைக்கும் உயிர் இருக்கணுமே, இன்ஜினியரே" என்று சொல்லி, எங்கள் வண்டி டிரைவர் அப்போதே மடக்மடக்கென்று குடித்துவிட்டான்.

இரண்டு நாளாக அவனுக்கு வயிற்றுப்போக்கு. உப்பும் சர்க்கரையும் என் பையில் இருக்கின்றன. கரைக்கத்தான் தண்ணீர் இல்லை. குழி வற்றிவிட்டது. தண்ணீர் லாரி வரும் சாலையில் குண்டு விழுகிறது.

காலிக் கேனைப் பார்த்தபடி கேட்கிறான்: "அரை மணி ஆயிடுச்சா?"

"இன்னும் கொஞ்சம் பொறுடா" என்கிறேன்.

உன் தம்பி