ஆறாம் பக்கத்தின் கடைசி இரண்டு வரிகள்

மேசை இலாச்சியைத் திறந்ததும் அந்த நீலப் பிளொப்பி டிஸ்க்தான் கையில் தட்டுப்பட்டது. ஒட்டிய தாளில் உன் எழுத்து: ‘கதை. அழிக்காதே.’ எனக்காகத்தான் எழுதினாய். எங்கள் வகுப்பில் மற்றவர்களின் கோப்புகளை அழித்துவிடும் புகழ் எனக்கு மட்டுமே இருந்தது.

இன்னும் கோபம் தீரவில்லை. உன் மேலா, என் மேலா, அந்த ஸ்கேனர் மேலா என்று பிரித்துச் சொல்லவும் தெரியவில்லை.

கல்முனை பஸ் நிலையத்துக்குப் பின்னால் நாம் படித்த கம்பியூட்டர் சென்டருக்கு ஸ்கேனர் வந்த வாரமே, கையால் எழுதிய கொப்பியோடு வந்து நின்றாய். ஆறு பக்கக் கதை. வெளிநாட்டிலிருக்கும் தம்பியின் அழைப்புக்காக ஒருத்தி தொலைபேசிக் கடையில் பகல் முழுக்கக் காத்திருக்கிறாள் என்று மட்டும் சொன்னாய். வாசிக்கக் கேட்டேன், தரவில்லை. முந்திய கதையில் நான் நான்கு சொற்களைத் திருத்தியதை நீ மறக்கவில்லை.

“விளங்கல்லண்டா விட்டிரு புள்ள. உன்ட சொல்ல என்ட கதைக்குள்ள வெக்காத.”

“அப்ப எப்பகா வாசிக்கிற?”

“அச்சில வரட்டும். ஊரோட சேர்ந்து வாசி.”

நான் ஸ்கேன் செய்யும்போது குடையை விரித்துத் திரையை மறைத்தாய். ஆறு பக்கமும் ஒரு பிளொப்பிக்குள் அடங்கவில்லை. இன்னொன்று வாங்க மழைக்குள் இறங்கச் சோம்பல்பட்டு, படங்களின் தரத்தைக் குறைத்தேன். அடங்கியது. பெருமையாகக்கூட இருந்தது. “கொப்பிதான் இரிக்கே” என்று நீயும் சிரித்தாய்.

இரண்டு மாதத்தில், ஒரு காய்ச்சலில், நீ மௌத்தாகிவிட்டாய். நாற்பதாம் நாள் கத்தத்துக்கு முன்பே உன் உடுப்புகளையெல்லாம் இல்லாதவர்களுக்குக் கொடுத்தார்கள். கொப்பிகள் பழைய பேப்பரோடு கடைக்குப் போயிருந்தன. “எழுதி முடிஞ்ச கொப்பிதானே மகள், படிச்ச பாடமாக்கும் எண்டு நினைச்சிட்டன்” என்று உன் உம்மா அழுதார். மூன்று கடைகளில் சீனி சுற்றித் தந்த தாள்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

கதை அனுப்பலாமா என்று நீ எழுதிக் கேட்டிருந்த கொழும்புச் சஞ்சிகையிலிருந்து அதன் பிறகுதான் பதில் வந்தது. கையெழுத்துப் பிரதி வேண்டாம், டைப் செய்த கோப்பாக அனுப்பவும்.

படத்தைக் கொடுத்தால் எழுத்தாக்கித் தரும் மென்பொருள் ஒன்று, சென்டரை நடத்தும், நாங்கள் காக்கா என்று கூப்பிடுகிறவரிடம் இருந்தது. உன் முதல் பக்கத்தைக் கொடுத்தோம். ஆங்கில எழுத்துகளும் இலக்கங்களும் ஆச்சரியக்குறிகளுமாகக் கக்கியது.

“அதுக்குத் தமிழ் தெரியா தங்கச்சி. பாவம், அது என்ன செய்யும்?” என்றார் காக்கா. அவருக்கு அதன் மேல்தான் இரக்கம்.

பிறகு படங்களை அப்படியே ஆவணக் கோப்பொன்றில் ஒட்டி அனுப்பினோம். ஆசிரியர் தொலைபேசியில் அலுத்துக்கொண்டார். “கோப்புக்குள்ள ஒட்டினா படம் எழுத்தாகுமா பிள்ளை? ஒரு புள்ளியைக்கூட என்னால் தொட ஏலாது.”

அப்போதுதான் உட்கார்ந்து, திரையில் உன் படத்தைப் பார்த்துப் பார்த்து, ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினேன். ஊருக்கு முன்பே உன் கதையை வாசித்தேன், மன்னித்துக்கொள். ஆறாம் பக்கத்தில் மணி அடிக்கிறது. அவள் எடுக்கிறாள். ‘தம்பி’ என்கிறாள். அதன் பின் இரண்டு வரிகள். உன் பேனையில் மை முடிந்துகொண்டிருந்திருக்க வேண்டும். மீதியை நான் குறைத்த தரம் தின்றுவிட்டது. சாம்பல் நிறப் புள்ளிகள் மட்டுமே.

“கூட்டாளிதானே நீங்கள், ரெண்டு வரி எழுதிவிடுங்கோ. ஆருக்குத் தெரியப்போகுது?” என்றார் ஆசிரியர்.

எழுதினேன். மூன்று விதமாக. மூன்றாவது நன்றாகவே இருந்தது. அதுதான் என்னை அதிகம் எரிச்சல்படுத்தியது. மூன்றையும் அழித்தேன். என் புகழ் அன்றுதான் ஒரு நன்மைக்கு உதவியது. ‘தம்பி’ என்பதோடு நிறுத்தி, கீழே ‘இரண்டு வரிகள் தெளிவில்லை’ என்று குறிப்புப் போட்டு அனுப்பினேன்.

சஞ்சிகை வந்ததும் உன் உம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன்.

“அந்தப் புள்ள போன்ல என்ன சொன்ன?”

“தெரியா மாமி.”

சஞ்சிகையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். “தம்பி எண்டாளே. அது காணும், வேறென்ன வேணும்.”

எனக்குக் காணாது. இன்னமும் சென்டருக்குப் போகும்போது பிளொப்பியைச் செருகி அந்தப் பக்கத்தைத் திறக்கிறேன். பெரிதாக்கப் பெரிதாக்க உன் எழுத்து சதுரம் சதுரமாக உடைகிறது. விளங்கல்லண்டா விட்டிரு என்றாய். அச்சில் விட்டுவிட்டேன், புள்ள. இலாச்சிக்குள் விட முடியவில்லை.