பச்சைப் பொட்டு வைத்த ரிலே

மே 4, ஞாயிறு

இன்றும் வண்டி சூடேறிவிட்டது. ஏற்றத்தில்கூட இல்லை, நான்காம் ரவுண்டானா சிக்னலில், நின்ற இடத்தில். வண்டி ஓடினால் சூடு காட்டும் முள் இறங்குகிறது, நின்றால் ஏறுகிறது. ரேடியேட்டர் விசிறி சுற்றவே இல்லை. என்ஜின் சூட்டை வெளியே இழுக்க, இந்த வெயிலில் ஹீட்டரை முழுதாகத் திருகி வைத்தேன். நான் தினமும் வாடகைக்கு ஏற்றிச் செல்லும் நான்கு டீச்சர்களும் வெந்துபோனார்கள்.

"உம்மு ஸுஹைல், நாம ஸ்கூலுக்குப் போறோமா, ஆவிக்குளியல் ஹம்மாமுக்கா?" என்றாள் இஃதிதால்.

சிரித்தேன். ஆனால் இறங்கும்போது அப்லா சொன்னது சிரிப்பாக இல்லை: "இன்னொரு தடவை லேட்டானா நான் வேற வண்டி பாத்துக்கறேன்."

பழைய வண்டிதான், இருபத்தெட்டு வயது. ஆனால் என் வண்டி. என் மகன் ஸுஹைல் வெளிநாடு போனபின் காலையில் எழுந்திருக்க எனக்கிருக்கும் ஒரே காரணம் அது.

மே 5

சாயங்காலம் நானும் என் கணவர் நவ்வாஃபும் பானெட்டைத் திறந்து பார்த்தோம். ஃப்யூஸ் சரியாக இருக்கிறது. பேட்டரியிலிருந்து நேராக வயர் கொடுத்ததும் விசிறி பேயாய்ச் சுற்றியது. அப்படியானால் மோட்டாரும் சரி. பிறகு எதுதான் கோளாறு?

அவர்தான் டார்ச் பிடித்தார். "வித்துத் தொலைச்சுட்டு நிம்மதியா வீட்டுல இரேன்," என்றார். பாவம், முழங்கால் வலியோடு ஒரு மணி நேரம் நின்றார்.

மே 6

பட்டறைக்காரர் கெவோர்க் சென்சார் வயர்களைச் சேர்த்துப் பார்த்தார். 'டக்' என்ற சத்தம் வரவில்லை. "ரிலே போச்சு தங்கச்சி." விசிறிக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் கறுப்புப் பெட்டி, தீப்பெட்டி அளவுகூட இல்லை. புதிதாக ஒன்று மாட்டி, அதன் தலையில் பச்சை பெயின்டால் ஒரு பொட்டு வைத்தார். அவர் கடைச் சாமான் எல்லாவற்றுக்கும் அப்படித்தான்.

விசிறி சுற்றியது! வழியெல்லாம் பாடிக்கொண்டே வந்தேன், வெட்கமில்லாமல்.

மே 7

முள் அசையவில்லை. நல்ல நாள்.

மே 8, வியாழன்

மறுபடியும். நடுவழியில் ஆவி கிளம்பி, நால்வரும் டாக்ஸி பிடித்துப் போய்விட்டார்கள். அப்லா கதவை அடித்துச் சாத்தினாள்.

கெவோர்க் ரிலேயைப் பிடுங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது நான் போட்டதில்லையே. என் பொட்டு எங்க? யாரோ செத்த ரிலேயை மாட்டியிருக்காங்க."

பூட்டிய வண்டி. பானெட் பிடி உள்ளே இருக்கிறது. சாவி இரண்டுதான். ஒன்று என்னிடம். இன்னொன்று எங்கே என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

மே 9, வெள்ளி

நவ்வாஃப் ஜும்ஆத் தொழுகைக்குப் போனதும் வீட்டில் தேடினேன். புகையிலை டப்பாவுக்குள் இருந்தது. பச்சைப் பொட்டோடு. அடியில், என் வண்டியில் முதலில் இருந்த பழைய ரிலேயும்.

டார்ச் பிடிச்சாரே! என் பக்கத்துல நின்னு, நான் தேடுறதைப் பாத்துக்கிட்டே டார்ச் பிடிச்சாரே அந்த மனுஷன்! நான் வேற பாவம்னு நெனச்சேன் —

டப்பாவை மூடி வைத்துவிட்டேன். திரும்பும்போது எனக்குப் பிடிக்கும் என்று கனாஃபா இனிப்பு வாங்கி வந்தார்.

மே 10

காலையில் இரண்டு கோப்பை காபி ஊற்றினேன். என்னுடையதைத் தொடாமல் அவர் முன்னால் வைத்தேன். எங்கள் ஊரில் பெண் கேட்க வருகிறவர்கள், சமாதானம் பேச வருகிறவர்கள் வைப்பதுபோல. கேட்டது கிடைக்கும்வரை குடிப்பதில்லை. அதெல்லாம் ஆண்கள் அடுத்தவர் வீட்டில் செய்வது. பெண்டாட்டி தன் சமையலறையில் செய்து யாரும் கேள்விப்பட்டதில்லை.

"என்ன கூத்து இது? குடி."

"கேட்டதைக் குடுத்தா குடிக்கிறேன்."

"என்ன கேட்டே?"

"பச்சைப் பொட்டு வெச்சதை."

அவர் முகம் செத்துவிட்டது. "உன் பொண்டாட்டி டிரைவராமேன்னு என் அண்ணன் எல்லார் முன்னாடியும் கேக்கறார். நான் முகத்தை எங்க வெச்சுக்க?" என்றார்.

"அதை என்கிட்ட சொல்லியிருக்கலாமே! சண்டையாவது போட்டிருப்பேன். நடுரோட்டுல அஞ்சு பொம்பளைங்களை நிக்க வெச்சீங்களே!"

காபி ஆறிப்போனது. எழுந்து போய் ரிலேயைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். குடித்தேன். ஏலக்காய் போட மறந்திருக்கிறேன்.

மே 18, ஞாயிறு

மூன்று பேர் திரும்பி வந்துவிட்டார்கள். அப்லா வரவில்லை.

தினமும் வண்டியை நிறுத்தியதும் ரிலேயைப் பிடுங்கிக் கைப்பையில் போட்டுக்கொள்கிறேன். காலையில் மாட்டுகிறேன். இன்று மாட்டும்போது அவர் மாடியிலிருந்து இறங்கி வந்தார்.

"டார்ச் பிடிக்கட்டுமா?"

"வேண்டாம். விடிஞ்சிருச்சு," என்றேன்.