சத்திரத்து விறகு

தை 6, செவ்வாய்

மணலூர்பேட்டை சாலையில் உள்ள பழைய சத்திரத்தை இடிக்கலாமா என்று எழுதித் தர வேண்டியவன் நான். போன வாரம் போய்ப் பார்த்தேன். ஆளே இல்லை. மூலையில் ஒரு விறகுக்கட்டு மட்டும் கிடந்தது. ‘பயன்பாட்டில் இல்லை’ என்று அறிக்கை அனுப்பினேன். விறகை வண்டியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

இன்று அந்த வழியாகப் போனபோது, ஆற்றுத் திருவிழா முடிந்து கல்வராயன் மலைக்குத் திரும்பும் ஒரு குடும்பம் அங்கே அடுப்பு மூட்ட முடியாமல் நின்றது.

“தங்கிட்டுப் போறவங்க அடுத்து வர்றவங்களுக்கு வெறவு வெச்சிட்டுத்தாங்க போவாங்க. இந்த வாட்டி இன்னா ஆச்சுன்னு தெரியல” என்றாள் அந்தம்மா.

அவள் புருஷன் வேலியோரம் சுள்ளி பொறுக்கி வந்தார். பாதியை எரித்துச் சமைத்தார்கள். மீதியைக் கட்டி அதே மூலையில் வைத்துவிட்டுப் போனார்கள்.

அறிக்கையை நாளை திரும்ப வாங்கிவிடலாம். ஆனால் வாரம் முழுக்க அந்த விறகில்தான் வெந்நீர் போட்டுக் குளித்தேன்.