நேர்ந்துவிட்ட சேவல்

02.08.2024, வெள்ளிக்கிழமை

அன்புள்ள பெத்தம்மாளுக்கு,

நீ மல்லாங்கிணற்றில் உன் அண்ணன் வீட்டுக்குச் சென்று இன்றோடு பத்தொன்பது நாட்கள் ஆகின்றன. போனில் என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறாய், ஆகவே எழுதுகிறேன்.

ஜூலை 7 அன்று நான் சந்தையில் வாங்கிவந்த பெட்டைக்கோழியைப் பத்து நாட்கள் தனியே அடைக்கச் சொன்னாய். "கோழியப் பத்தி எனக்கு நீ சொல்லித்தாரியா?" என்று உன் அண்ணன் எதிரிலேயே கத்தினேன். அந்தக் கோபத்தில் ஒரு வாரம் கழித்து நீ புறப்பட்ட மறுநாளே, அந்தப் பெட்டையிடமிருந்து நம் கோழிகளுக்கு வெள்ளைக் கழிச்சல் நோய் கண்டது. முப்பத்தோராண்டுகளாக நாம் கலப்பில்லாமல் வளர்த்த கிளிமூக்குக் கோழிகளில் இருபத்தாறு, நான்கே நாட்களில் செத்தன. கொல்லையில் தனியே கட்டியிருந்த இரண்டு மட்டும் பிழைத்தன: காலில் காயம்பட்ட பெட்டை ஒன்று, மற்றது, என் இருதய அறுவைச் சிகிச்சையின்போது நீ கருப்பசாமிக்கு நேர்ந்துவிட்ட சேவல்.

வரும் 9ஆம் தேதி கருப்பசாமி கோயிலில் ஆடிப் பொங்கல். அன்று அதை அறுத்தால் அந்த இனம் நம் வீட்டில் முடிந்துவிடும். வேறு சேவல் தருவதாகப் பூசாரி சோலைச்சாமியிடம் கெஞ்சினேன்.

"நேந்தது அவுக. மாத்திக் கேக்கணும்னா அவுகதான் வந்து நிக்கணும். ஒங்க உசுருக்கு நேந்ததுக்கு நீங்களே பேரம் பேசுறீகளே, வெக்கமா இல்லையா?" என்றார்.

வெட்கமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் கேட்கிறேன், 8ஆம் தேதி காலை 9.40 பஸ்ஸில் வா. சாமியிடம் மாற்றிக் கேட்க உனக்கு மனம் வராவிட்டால் சேவலை அறுக்கட்டும்; நான் தடுக்கமாட்டேன். அறுத்தபின் மட்டும் உன் அண்ணன் வீட்டுக்குத் திரும்பிவிடாதே.

இப்படிக்கு,
உன் கணவன்