கல்கட்டுக்கு அடியில் ஒரு யானை

காரமடை
14-5-1961

அன்புள்ள சென்னகிருஷ்ணனுக்கு,

இங்கே எங்கள் உடம்புக்குக் குறைவொன்றும் இல்லை, லண்டனில் நீயும் அப்படியே இருப்பாய் என்று எண்ணி எழுதுகிறேன். உன் கடிதம் வந்தது. ராட்சதப் பல்லிகள் ஒழிந்தபின் பாலூட்டும் பிராணிகள் பெருகிய யுகம் இது, தொடங்கி ஆறு கோடி வருஷத்துக்கு மேலாகிறது, அதன் கடைசி ஓரத்தில்தான் மனிதன் வந்தான் என்று நீ எழுதியதை உன் அப்பா வருகிறவர் போகிறவருக்கெல்லாம் படித்துக் காட்டுகிறார். கிணற்றை ஆழப்படுத்தும்போது கிடைத்த பெரிய பல், போட்டோவைப் பார்த்தால் இன்று உலகில் இல்லாத யானை இனத்துடையது போலிருக்கிறது என்றாயே, அதற்கு உன் அத்தை பங்காரம்மா குங்குமம் வைத்துவிட்டாள். பல்லைக் கேட்டுக் கடுதாசி போடற பையனுக்கு எந்த ஊட்டுல அண்ணி பொண்ணு குடுப்பாங்க என்று சிரிக்கிறாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மிச்ச எலும்பும் இருக்கும், கடப்பாரை போட்டால் நொறுங்கிவிடும், கரண்டியால் மெதுவாகச் சுரண்ட வேண்டும் என்று எழுதினாய். அங்கேதான் தப்பு நடந்தது. எலும்பு இருப்பது கிணற்றின் கல்கட்டுக்கு நேர் அடியில், மணலும் சரளையுமான மண்ணில். கிணறு வெட்டும் சென்னிமலை, மண்ணு உதிருதுங்க, கூலியே வேண்டாமுங்க, நானு எறங்கலீங்க என்று போய்விட்டான். அதனால் உன் அப்பா என் சமையல் கரண்டியை எடுத்துக்கொண்டு தாமே இறங்குகிறார். ஆள் குந்தியிருக்கும் அளவுக்குக் குடைந்தாயிற்று. தலைக்கு மேல் அத்தனை கல்லும் நிற்கிறது. பக்கத்துத் தோட்டத்துத் திருமலைசாமி, மோட்டார் வைத்தபின் தண்ணீர் கீழே போய்விட்டதென்று, தன் கிணற்றுப் பாறைக்குச் சாயங்காலந்தோறும் வேட்டு வைக்கிறார். ஒவ்வொரு வேட்டுக்கும் நம் கிணற்றில் மணல் சரிகிறது. நான் சண்டை பிடித்தால், பையன் வாய் தொறந்து கேட்டது இது ஒண்ணுதான் அம்மணி, நீ சும்மா பயந்துக்காதே என்கிறார்.

நிரூபணம் இல்லாததற்குப் பயப்படுகிறவள் இல்லை நான், உனக்குத் தெரியும். நேற்று இன்னொரு பல் கொண்டுவந்து கொடுத்தார். அதே வடிவம், என் கட்டைவிரல் நீளம்தான். குட்டியாக இருக்கும். இரண்டும் ஒரே இடத்தில் கிடந்தனவாம். சேற்றில் குட்டி சிக்கி, அதற்காகப் பெரியது இறங்கியிருக்குமோ என்று எனக்குத் தோன்றியது முதல் சோறு இறங்கவில்லை.

இதை எழுதும்போதே வேட்டுச் சத்தம் கேட்டது. ஓடிப்போய்க் கிணற்றுக்குள் இருந்த உன் அப்பாவைக் கூப்பிட்டேன். குரல் வரச் சற்று நேரமாயிற்று. மண்ணைத் துப்பிவிட்டு, எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை என்றார்.

என் பேச்சைக் கேட்கமாட்டார், உன் பேச்சைக் கேட்பார். இதைக் கண்டதும் அவர் பெயருக்குத் தந்தி அடி. பல் போதும், குழியை மூடுங்கள் என்று மட்டும் சொல். தந்தி வரும்வரை கிணற்று மேட்டிலேயே இருப்பேன்.

நேரத்துக்குச் சாப்பிடு. நீயும் எந்தக் குழிக்குள்ளும் தனியாக இறங்காதே. நீண்ட ஆயுளோடு நன்றாக இரு.

உன் அம்மா,
கனகம்