அப்பாவின் வயிற்றில் நகர்ந்த புள்ளி

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் பூனையும் நன்றாக இருக்கிறோம், அப்பாவும் நன்றாகத்தான் இருக்கிறார், ஆனால் அவர் விஷயத்தில் ஒரு சின்னக் கதை இருக்கிறது, முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் பதறு. நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். உன் அறை ஜன்னல் கொக்கியை ஒருவழியாக மாற்றிவிட்டோம், இனி மழையடித்தால் உன் புத்தகங்கள் நனையாது.

இரண்டு வருஷமாக நான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேனே, அந்த அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் சர்க்யூட் போர்டு போன மாதம் உயிர் பெற்றது. மருத்துவமனை மெஷின் படத்தை மட்டும்தான் காட்டும், உடம்புக்குள்ளிருந்து வரும் எதிரொலியைக் கையில் தராது. ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கு அந்த எதிரொலிதான் வேண்டும், அதை அப்படியே பிடித்துக் கொடுப்பதுதான் எங்கள் போர்டின் வேலை. முதலில் உடம்புக்குப் பதிலாக ஒரு ஜெல்லிக் கட்டியில் வைத்துப் பார்த்தோம், படம் பளிச்சென்று வந்தது. அடுத்து மனித வயிறு வேண்டும் என்றதும் ஆய்வகத்தில் எல்லோருக்கும் திடீரென்று வெட்கம் வந்துவிட்டது. உன் அப்பாதான் ரிட்டயர் ஆனதிலிருந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறாரே, "சும்மா படுக்கிற வேலைதானே, நான் வரேன்" என்று கிளம்பி வந்து, சம்மதப் படிவத்தை அரைமணி நேரம் வரிவரியாகப் படித்துக் கையெழுத்துப் போட்டார். அவரைப் படுக்கவைத்து எடுத்த படத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி, அதன் பின்னால் நீளமாக ஒரு கறுப்புப் பட்டை. போர்டில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்தேன். அடுத்த வாரம் குழு கூடி, இந்த போர்டு தேறுமா, தூக்கிப்போடலாமா என்று முடிவெடுக்கவிருந்தது. எங்கள் மென்பொருள்காரர் எதையும் மூன்று முறை சரிபார்ப்பவர், அவரை நாங்கள் சந்தேகம் சார் என்றே கூப்பிடுவோம், அவரும் நானும் நான்கு நாள் தேடினோம். கனெக்டரை மாற்றினோம், மின்சாரம் வரும் பகுதியைத் தகரப் பெட்டிக்குள் மூடினோம், புள்ளி போகவில்லை. அப்பாவை ஒருக்களித்துப் படுக்கச் சொன்னால் நகர்ந்தது. "பிடிச்சுட்டேன், கேபிள் லூசு!" என்று துள்ளினார் சந்தேகம் சார். கேபிளையும் மாற்றினோம். ஜெல்லியில் வராதது அப்பாவிடம் மட்டும் வருகிறதே, கோளாறு அப்பாவிடம் இருக்குமோ என்று எங்கள் இருவருக்கும் தோன்றவே இல்லை, இவ்வளவு படித்தும்.

ஐந்தாம் நாள் எங்கள் ஸ்கேன் டாக்டர் காபிக் கோப்பையோடு எட்டிப் பார்த்து, "யாரோட பித்தப்பை இது? கேபிளை விடுங்க, கல்லு உருளுது பாருங்க" என்றார். அப்பா படுத்தபடியே "அப்போ போர்டு பாஸா?" என்று கேட்டார். பாஸ்தான், குழுவே கைதட்டியது. எனக்குத்தான் நெஞ்சு உறுத்தியது. சாப்பிட்டதும் வலது விலாவுக்குக் கீழே பிடிக்கிறது என்று மாதக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தார், நானோ வாயு, வெந்நீர் குடியுங்கள் என்று தள்ளிவிட்டேன். போர்டுக்கு நான்கு நாள் கொடுத்தவள் மனுஷனுக்கு நான்கு நிமிஷம் கொடுக்கவில்லை. வரும் பதினெட்டாம் தேதி சின்னத் துளை போட்டுப் பித்தப்பையை எடுக்கிறார்கள், மறுநாளே வீட்டுக்கு வந்துவிடலாமாம். அப்பா அந்தப் படத்தை ஃப்ரிட்ஜில் ஒட்டிவைத்து வருகிறவர்களிடமெல்லாம் பெருமை பேசுகிறார், நீ லீவு போட்டு ஓடிவர வேண்டாம்.

ஆனால் ஒன்று. போன மாதம் ஃபோனில், சாப்பிட்டதும் அதே பக்கம் பிடிக்கிறது என்று நீயும் சொன்னாய். உனக்கும் அதே வெந்நீரைத்தான் சொன்னேன். இந்த வாரமே ஸ்கேன் எடுத்துக்கொள், வெறும் வயிற்றோடு போ, டீகூடக் குடிக்காதே, படத்தை எனக்கு அனுப்பு. புள்ளி தெரிந்தால் இந்த முறை மெஷினைக் குறை சொல்ல மாட்டேன்.

நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் நீ நன்றாக இருக்க வேண்டும். அப்பாவின் ஆசியும் இதில் சேர்த்தி. மறக்காதே, இந்த வாரம்.

இப்படிக்கு,
வெந்நீர் வைத்தியத்தைக் கைவிட்ட
உன் அம்மா